கரண்ட் ஏறும் இடத்தில் ஒரு பொட்டு

போன வாரம் ஷபானா போன் செய்தாள். நான் வேலையை விட்ட பிறகு கடையில் என் நாற்காலியில் உட்காருகிறவள் அவள்தான். ஒரு பழைய லேப்டாப், சார்ஜரை மாட்டினால் ஓட மாட்டேன் என்கிறதாம். பேட்டரியில் இருக்கிற கொஞ்சநஞ்சம் தீர்ந்ததும் படுத்துவிடுகிறது. கடைக்குக் கொண்டுவந்தால் ஒழுங்காக ஓடுகிறது, வீட்டுக்குப் போனதும் மறுபடி அதே கதை. இத்தனைக்கும் சார்ஜர் சொருகும் ஜாக்கை மாற்றியாகிவிட்டது. கஸ்டமர் பொய் சொல்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றாள்.

எனக்கு அன்றைக்குக் கழுத்து வலி. அன்றைக்கு என்ன, என்றைக்கும்தான். பாதி ஆயுளை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே குனிந்தே கழித்தவளுக்குக் கழுத்து வேறு எப்படி இருக்கும்? போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுகிற காலமெல்லாம் போய்விட்டது. அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது போனில் சொல்லி முடிகிற மாதிரி இல்லை. அதனால்தான் பழங்காநத்தம் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலை கற்றுக்கொண்ட கதையைப் பலரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என்னுடையதற்கு ஒரு பத்தி போதும். சமயநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்தேன். ஆசைப்பட்டு இல்லை, ஹாஸ்டலில் இடம் கிடைத்தது அதற்குத்தான். பிறகு ஒரு டி.வி. ரிப்பேர் கடை. டி.வி. மெலிந்து சுவரில் ஒட்டிக்கொண்டதும் அந்தக் கடை போனது, நான் கம்ப்யூட்டருக்கு வந்தேன், கம்ப்யூட்டர் மடங்கி லேப்டாப் ஆனதும் நானும் அதோடு மடங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் என் படிப்பு.

காதர் பாயின் கடை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. அவர் என்னிடம் சர்டிபிகேட் எதுவும் கேட்கவில்லை. செத்துப்போன ஒரு போர்டைக் கையில் கொடுத்து, அதிலிருந்து ஒரு சில்லைக் கழற்றி மறுபடி அதே இடத்தில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வந்துவிடம்மா என்றார். ஒரே ஒரு நிபந்தனை. பொம்பளை ரிப்பேர் பார்க்கிறாள் என்றால் ஆட்கள் மிஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதனால் நான் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷம் உள்ளே இருந்து கேட்டு எனக்குள் சிரித்த ஒரு விஷயம் உண்டு. முன்னால் நிற்கும் கஸ்டமர், "உள்ள இருக்க சார்ட்டயே குடுங்க பாய், அவருதான் நல்லாப் பாக்குறாரு" என்பார். பாய் ஒன்றும் திருத்த மாட்டார். சாரும் உள்ளே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்.

பாயின் முறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கதைக்கு அது தேவை. கஸ்டமர் பையைத் திறந்ததும் லேப்டாப்பை இரண்டு கையாலும் வாங்குவார். சார்ஜர் எங்கே என்பார். சார்ஜர் இல்லாமல் வந்தவர் யாராக இருந்தாலும் திரும்பிப் போய் எடுத்துவர வேண்டியதுதான். பிறகு மிஷினை மேஜைமேல் ஒரு துண்டை விரித்து வைத்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, அவர் கண்முன்னாலேயே துடைப்பார். முதலில் மூடி, அப்புறம் சாவிகள், அப்புறம் காது குடைகிற பட்ஸால் சார்ஜர் மாட்டும் ஓட்டை, கடைசியாக சார்ஜர் முனை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் என்ன கோளாறு என்று கேட்பார். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டு அப்புறம் வந்த விஷயம் கேட்பது மாதிரி. இந்தத் துடைப்பைப் பார்த்தே பாதிப்பேர் மயங்கிவிடுவார்கள். உள்ளே என் மேஜைக்கு வரும்போது ஒவ்வொரு மிஷினும் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருக்கும்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் கடைக்கு வருகிற லேப்டாப் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகத்தான் வரும். சாவிகளுக்கு நடுவில் விபூதி, காற்று போகும் துவாரத்தில் அட்சதை. அதையும் பாய் துடைப்பார். ஆனால் அந்தப் பஞ்சுகளைக் குப்பைக்கூடையில் போட மாட்டார். தனியாக ஒரு கவரில் சேர்த்து வைத்திருந்து, சாயங்காலம் நான் கிளம்பும்போது கையில் கொடுத்து, போகிற வழியில் ஏதாவது மரத்தடியில் போட்டுவிடச் சொல்வார். "அது அவங்க சாமி சமாச்சாரம்மா, காலு படுற எடத்துல கெடக்கக் கூடாது" என்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேலியாகப் பேசிக் கேட்டதில்லை. கஸ்டமரிடம் அதைப் பற்றிக் கேட்கவும் மாட்டார்.

கரண்டில் ஓடாத லேப்டாப்புக்கு அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட். அடுத்தது சார்ஜர், சும்மா இருக்கும்போது எவ்வளவு வோல்ட், சுமை ஏற்றினால் எவ்வளவு. அப்புறம் சார்ஜர் முனை. அதன் நடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். இது நம்ம சார்ஜர்தான், நம்பி வாங்கிக்கொள் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அந்தக் கம்பிதான். அது சரியாகத் தொடவில்லை என்றால் கரண்ட் வாசல்வரை வந்தாலும் லேப்டாப் உள்ளே விடாது. அதற்கடுத்து ஜாக். எல்லாம் பார்த்து முடித்து, வேறு வழியே இல்லை என்றால்தான் போர்டைத் திறக்க வேண்டும். எடுத்த எடுப்பில் போர்டில் கை வைக்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. நானும் ஆரம்பத்தில் வைத்தேன். அவர் திட்டவில்லை. என் மேஜைமேல் ஒரு சார்ஜரை மட்டும் வைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க வேறு வேலையே தரவில்லை. மத்தியானத்துக்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

மணிக்கு ஒருதரம் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருஷங்களில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. கரண்ட் போகும்போது ஒன்றும் ஆகாது, வரும்போதுதான் எகிறிக்கொண்டு வந்து சார்ஜர்களைக் காவு வாங்கும். அப்போது ஒரு ஜவுளிக்கடைக்காரர் லேப்டாப் கடிக்கிறது என்று கொண்டுவந்தார். கடிக்கிறது என்றால், தொட்டால் சுரீர் என்கிறது. கடைச் சுவரில் மூன்று துளைப் பாயிண்ட் இல்லையாம், அதனால் சார்ஜரின் மூன்றாவது காலைக் கத்தரியால் ஒடித்துப் போட்டிருக்கிறார். அதைச் சொன்னதும், "ரெண்டு காலுல மனுசனே நடக்குறான், இது நடக்காதா?" என்று பாயிடம் கேட்டார். உள்ளே நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். பாய் மட்டும் சிரிக்காமல், நாளைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பாய்க்கு இன்னொரு விதியும் உண்டு. வீட்டுக்குப் போய் வேலை பார்க்கக் கூடாது. மிஷின் நம்மைத் தேடி வர வேண்டும். நாம் அதைத் தேடிப் போனால் அந்த வீட்டுச் சண்டையையும் சேர்த்து ரிப்பேர் பார்க்க வேண்டியிருக்கும் என்பார். ஒரே ஒரு தடவைதான் அந்த விதியை நான் மீறினேன்.

பேச்சியம்மாள் என்று ஒரு பெண்மணி. பரவைக்கு உள்ளே தள்ளி ஒரு காலனி. அவர் மகன் பாலு பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்கிறவரை என்று பரவை மார்க்கெட்டில் லோடு ஏற்றப் போனவர். வெங்காய மூட்டைக்கு மேலே நின்று கயிறு இழுக்கும்போது லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகள் மட்டும் நன்றாக இருந்தன. யாரோ கொடுத்த பழைய லேப்டாப்பில் படுத்தபடியே பழகி, ஒரு கம்பெனியில் வேலை பிடித்திருந்தார். பொருள் வாங்கியவர்கள் எழுதிக் கேட்கிற சந்தேகங்களுக்கு உடனுக்குடன் எழுதிப் பதில் சொல்கிற வேலை. தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு ஷிப்ட். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அதில்தான்.

பேச்சியம்மா லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். கரண்ட் ஏற மாட்டேன் என்கிறது, மகன் பாதி வேலையில் நிற்கிறான் என்பார். பாய் வாங்கித் துடைத்து உள்ளே அனுப்புவார். நான் மாட்டினால் சமர்த்தாக ஓடும். முதல் தடவை நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்து அனுப்பிவிட்டேன். மறு வாரமே வந்தது. ஒன்றும் புலப்படாவிட்டாலும், வயதான மிஷின், ஓட்டை தளர்ந்திருக்கும் என்று ஜாக்கை மாற்றினேன். மறுபடி வந்தது. கடையிலிருந்தே வேறு சார்ஜர் கொடுத்தோம். அதற்கும் அதே கதை. பேட்டரியோ கிழடு, தேநீர் ஆறுகிற நேரம்கூடத் தாங்காது. வேறு லேப்டாப் ஒன்றை இரவல் கொடுக்கிறேன் என்று பாய் சொல்லிப் பார்த்தார். கம்பெனியின் மென்பொருள் அந்த ஒரு மிஷினில்தான் திறக்குமாம்.

நான்காவது தடவை பேச்சியம்மா தடுப்புக்கு அருகில் வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே இருப்பது பெண் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. சந்தேகமாக இல்லை, நிம்மதியாக.

"தாயி, இன்னொரு தடவ பாதியில நின்னா வேலய விட்டுத் தூக்கிருவோம்னு எழுதிட்டாகளாம். எம் புள்ள சோறு திங்கல. எப்பிடியாச்சும் பாரு தாயி."

அன்றைக்கு அந்த மிஷினைத் திருகாணி திருகாணியாகக் கழற்றினேன். போர்டில் கரண்ட் நுழைகிற வழியில் இருக்கிற ஒவ்வொரு சில்லையும் அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு மிஷினில் கோளாறு இருந்தால் எனக்குக் கோபம் வராது. கோளாறே இல்லாமல் வருகிற மிஷின்தான் ஆளைக் கொல்லும். ஓடுகிற மிஷினை அவர் கையில் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வீட்டுப் பிளக் பாயிண்டில்தான் ஏதோ இருக்க வேண்டும், நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று பாயிடம் சொன்னேன். எலக்ட்ரீசியனை அனுப்பச் சொல்லலாம், நாம் வீட்டுக்குப் போகிறவர்கள் இல்லை என்றார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கடை மூடினால் திறக்கச் சாயங்காலம் ஆகும். அந்த நேரம் என்னுடையதுதானே என்றேன். நான் கிளம்பும்போது வோல்ட் அளக்கும் மீட்டரைப் பாய் தன் கையாலேயே எடுத்துப் பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை, உச்சி வெயில். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பரவையில் இறங்கி மார்க்கெட்டைத் தாண்டி நடக்கும்போது, இது எனக்குத் தேவையா என்று நாலைந்து தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். சாப்பிட்டிருக்கவில்லை. போய் அந்தப் பாயிண்டை மாட்டியவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் நடந்தேன்.

காலனி வீடு. ஒரே அறைதான். பாலு படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையில் படுத்திருந்தார், அதன் மோட்டார் கட்டிலுக்கடியில் உறுமிக்கொண்டிருந்தது. ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் இரும்புக் குழாயில் ஒரு ஸ்டாண்ட் செய்து கொடுத்திருக்கிறார், லேப்டாப் அதில் பாலுவின் நெஞ்சுக்கு மேலே நின்றது. சார்ஜர் வயர் அவர் தலைக்குப் பின்புறமாகப் போய்ச் சுவரில் ஏறியது. அந்தப் பக்கம் அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. வாங்கக்கா என்றார். முகம் சவரம் செய்து சுத்தமாக இருந்தது, மேலே இஸ்திரி போட்ட சட்டை. யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் வேலைக்கு இப்படித்தான் உட்காருவாராம். உட்காருவேன் என்றுதான் சொன்னார்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. லேப்டாப் செத்துக் கிடந்தது. காலையில் நன்றாக இருந்ததாம்.

பாயின் வரிசைப்படி ஆரம்பித்தேன். சுவர்ப் பாயிண்டில் வோல்டேஜ் சரி. எர்த்கூட ஒழுங்காக இருந்தது. திட்ட வேண்டிய எலக்ட்ரீசியன் தப்பித்தான். சார்ஜரின் பச்சை விளக்கு எரிந்தது. முனையை அளக்கலாம் என்று லேப்டாப்பிலிருந்து பிடுங்கிக் கையில் எடுத்தேன். விரலில் நறநறவென்று ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முனையைச் சுற்றி மஞ்சளாக அப்பியிருந்தது, நடுவில் அந்த ஊசிக் கம்பியே தெரியவில்லை. மூக்கருகில் கொண்டுபோனேன். சந்தனம்.

பேச்சியம்மா பக்கத்தில்தான் நின்றார். இது என்னம்மா என்றேன். என் குரலில் சூடு இருந்திருக்கும். அவருக்கு அது தெரியவில்லை, பெருமையாகவே சொன்னார்.

"வெள்ளிக்கெழம தலைக்குத் தண்ணி ஊத்திட்டுப் பொட்டு வைப்பேன் தாயி. சோறு போடுற சாமானாச்சே. மம்பட்டிக்கு எலையில வைப்போம், அருவாளுக்குப் பல்லுல வைப்போம், புடியில யாரும் வைப்பாகளா? இதுக்கு எங்கன வேலைன்னு எனக்கு என்ன தெரியும். இந்த வழியாத்தேன் கரண்டு ஏறுதுன்னு அவன் ஒரு நா சொன்னான். அதேன் அங்கன வச்சு, சாமி கும்புட்டு, சொருகி விட்டுருவேன்."

ஈரச் சந்தனம் உள்ளே போகும்போது ஒன்றும் செய்யாது. வெயில் ஏற ஏறக் காய்ந்து ஓடாகும். அதற்கப்புறம் கரண்ட் எப்படிப் போகும்? கடைக்குக் கொண்டுவரும்போது ஏன் எதுவும் ஒட்டியிருக்காது என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மூஞ்சி கழுவாமல் தூக்கிப் போவாளா, எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துத்தான் கொண்டுவருவேன் என்றார். மிச்சம் மீதி உள்ளே இருந்ததைப் பாய் ஸ்பிரிட்டில் துடைத்திருக்கிறார். என் கைக்கு வரும்போது கோளாறு கழுவப்பட்டு வந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பதற்கில்லை. இத்தனை வாரம், இத்தனை பஸ், ஒரு நல்ல ஜாக்கைப் பிடுங்கி எறிந்தது, எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவருடைய வலது கை மோதிரவிரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் சந்தனம் காய்ந்திருந்தது. எங்கள் அம்மாவின் விரலும் ஆயுத பூஜையன்று அப்படித்தான் இருக்கும். அம்மாவும் மண்வெட்டியின் இலையில், அந்த இரும்புத் தகட்டில்தான் வைப்பார், பிடியில் வைக்க மாட்டார். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து மறந்திருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். "எடம் மாத்தி வச்சுட்டேனா தாயி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்தபின் நான் நினைத்திருந்ததைச் சொல்ல முடியவில்லை.

"முனை தேஞ்சு போச்சும்மா, பழசுல்ல. நான் சரி பண்ணிடுறேன்" என்றேன்.

ஸ்பிரிட்டும் பஞ்சும் பையில் இருந்தன. ஜாக்குக்குள் காய்ந்திருந்ததை மரக்குச்சியால் சுரண்டினேன். மூன்று நான்கு பட்ஸ் கறுப்பும் மஞ்சளுமாக வந்த பிறகு சுத்தமானது. நடுக் கம்பி லேசாக வளைந்திருந்தது, அதை நிமிர்த்தினேன். இடையில் பாலு, அக்காவுக்குக் காபி போட்டுக் கொண்டுவா என்று அம்மாவை வெளியே அனுப்பினார். அடுப்பு வீட்டுக்குப் பின்புறம் சாய்ப்பில் இருந்தது. அம்மா போனதும் பாலு கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"சந்தனமாக்கா?"

ஆமாம் என்றேன்.

"நேத்துத் திட்டிட்டேன்கா. இன்னொரு தடவ நின்னா வேல போயிரும், உனக்கென்ன தெரியும்னு கத்திட்டேன். இன்னைக்குக் காலையில வெளக்கேத்துன வாசம் ரெண்டு தடவ வந்துச்சு. பயந்துபோயி மறுக்கா வச்சிருக்கு." சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். பிறகு, "சொல்லிராதீங்கக்கா. எம் பொழப்பக் கெடுத்தது தான்தான்னு தெரிஞ்சா அது தாங்காது" என்றார்.

நான்கு மணிக்குச் சற்று முன்பு சார்ஜரை மாட்டினேன். விளக்கு எரிந்தது, திரை வெளிச்சமானது. பாலு கண்ணை மூடித் திறந்தார். காபியோடு வந்த பேச்சியம்மா அதைக் கீழே வைத்துவிட்டு, சாமி மாடத்திலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். சந்தோஷத்தில் கை தானாக அந்த முனைப் பக்கம் போனது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்து, லேப்டாப் மூடியின் பின்புறம் கொண்டுபோனேன்.

"இங்க வைங்கம்மா. கரண்ட் அது வழியா ஏறுனாலும் தம்பி வேல பாக்குறது இதுக்குள்ளதான். வேல நடக்குற எடம் இது."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மூடியின் நடுவில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். அதற்குள் பாலுவின் திரையில் யாரோ ஒருவர் ஏதோ ஊரிலிருந்து, சார் என் பொருள் இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தார். பாலு வணக்கம் சொல்லிப் பதில் எழுத ஆரம்பித்தார். எதிரில் இருப்பவர்களுக்குத் தான் படுத்திருப்பது தெரியாது, அது ஒன்றுதான் இந்த வேலையில் தனக்குப் பிடித்தது என்று பின்னால் ஒருமுறை போனில் சொன்னார். காபியில் சர்க்கரை அதிகம். முழுக்கக் குடித்தேன்.

மறுநாள் பாயிடம் சொன்னேன். அவர் கையில் பஞ்சு இருந்தது, யாருடைய மிஷினையோ துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பஞ்சைக் கீழே வைத்தார்.

"நான்தான்மா தொடச்சேன். ஒவ்வொரு தடவையும் பட்ஸ்ல மஞ்சளா வந்துச்சு. பாத்தேன். அடுத்தவங்க கும்புடுறதப் பத்திக் கேக்குறது மரியாத இல்லன்னு விட்டுட்டேன். ஒரு வார்த்த கேட்ருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்."

அதற்குப் பிறகும் துடைப்பதை அவர் விடவில்லை, ஆனால் துடைக்கும் முன்பு கஸ்டமரிடம் ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. இதை வீட்டில் வேறு யார் தொடுவார்கள் என்று கேட்பார். ஷபானா, உன்னுடைய கஸ்டமரிடமும் அதைக் கேள். பொய் சொல்கிறார் என்று முடிவு செய்வதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பாலு வேலையில் நீடித்தார். லேப்டாப் வருஷக்கணக்கில் எங்கள் பக்கமே வரவில்லை. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு ஒருநாள், பாலுவின் சித்தப்பா மகன் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். பழையபடி கரண்டில் ஓடவில்லையாம். நான் தடுப்புக்குப் பின்னால் இருந்தேன், பேச்சு காதில் விழுந்தது. பாய் துண்டை விரித்தார். ஸ்பிரிட் பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. வீட்டில் யார் தொடுவார்கள் என்று பாய் கேட்டார். பெரியம்மா இறந்து முப்பதாம் நாள் காரியம் போன வாரம்தான் முடிந்தது என்றார் அந்தப் பையன்.

கொஞ்சநேரம் கழித்து பாய் என்னை முன்னால் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் கஸ்டமர் நிற்கும்போது அவர் என்னை வெளியே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மேஜைமேல் அந்த லேப்டாப் இருந்தது. மூடியின் நடுவில் சந்தனம், வாரத்துக்கு வாரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, காய்ந்து, ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு நின்றது. நனைத்த பஞ்சு பாயின் கையிலேயே இருந்தது.

"இதத் தொடைக்கலம்மா. அப்பிடியே கொண்டு போ. பாத்து" என்று இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

பாய் துடைக்காமல் என் மேஜைக்கு வந்த மிஷின் அது ஒன்றுதான். மூடி கீழே அழுந்தாதபடி துண்டைச் சுருட்டி நாலு பக்கமும் முட்டுக்கொடுத்து வைத்தேன். சார்ஜர் பெட்டியிலிருந்து வயர் கிளம்பும் இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருந்தது, அவ்வளவுதான் கோளாறு. வெட்டி ஒட்டிவிட்டேன். முனையைக் கையில் எடுத்தபோது அதற்குப் பழைய சேலைக் கரையில் ஒரு சின்ன உறை தைத்து மாட்டியிருந்ததைப் பார்த்தேன். பேச்சியம்மாவின் கைத்தையலாகத்தான் இருக்க வேண்டும். சொருகும்போது வயர் பக்கமாகப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம், பிடுங்கியதும் விரல் எதுவும் படாதபடி முனையை மூடிவிடலாம்.

அதைக் கழற்றி வைத்துவிட்டு ஜாக்கை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கொண்டுவந்தேன். கழுத்து வலியோடு ரொம்ப நேரம் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக ஒரு துளிகூட இல்லை.